கன்ஃபர்ம் ஆச்சா?

ரயிலில் இடமோ ஓட்டலில் மேசையோ, பங்காருபேட்டைக்காரர்களுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற பதில் எப்போது வருகிறது?

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து வரும் விடியற்கால ரயில் பங்காருபேட்டைக்குள் நுழையும்போது, பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் கண்ணெல்லாம் ஜன்னல்களில்தான் இருக்கும். எந்த ஜன்னலில் தெரிந்த முகம், எந்த சீட்டில் தெரிந்த கைக்குட்டை என்று தேடும். சாம்பியனில் ஏறியவர் ஊரிகத்துக்காரருக்குத் துண்டு போட்டிருப்பார். கோரமண்டலில் ஏறிய பெண், பங்காருபேட்டையில் ஏறப்போகிற தோழிக்காகச் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் “ஆள் வர்றாங்க அண்ணே” என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வண்டி நிற்பதற்குள் குரல்கள் கிளம்பிவிடும். “மச்சா, மூணாவது பெட்டி, இந்தப் பக்கம்!” “அக்கா, மொதல்ல பையக் குடுங்க!” இரண்டு நிமிடம் தள்ளுமுள்ளு. அதன்பின் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் பெங்களூரு வரை எழுபது கிலோமீட்டரும் நின்றபடி.

அதே பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்ச். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலும் எக்ஸ்ரே கவரும் வைத்துக்கொண்டு காட்பாடிப் பக்கம் போகும் ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறார். வேலூர் சி.எம்.சி-க்குப் போகிறவர் என்று ஃபைலைப் பார்த்தாலே தெரியும். தங்கவயலில் பெரிய வியாதி என்றால் ஒன்று பெங்களூரு, இல்லாவிட்டால் வேலூர். பேரன் செல்போனும் கையுமாக நிற்கிறான்.

“கன்ஃபர்ம் ஆச்சாடா?”

“இல்ல ஆயா. நேத்து ராத்திரியே மெசேஜ் வந்துடுச்சு. வெயிட்டிங்லயே நின்னுபோச்சு. ஜெனரல்ல போயிடலாம்.”

மூதாட்டி தலையை ஆட்டிக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம் இடுப்புக்குத் தாங்குமா என்ற கவலை முகத்தில் இருக்கிறது. ஆனாலும் பேரன் நேற்றிரவே பக்கத்துத் தெருப் பையன்கள் இருவரை வரச் சொல்லிவிட்டான். பெட்டி நின்றதும் அவர்கள் முண்டியடித்து ஏறி இடம் பிடிப்பார்கள். இடம் இல்லை என்ற சேதி முந்தின இரவே வந்ததால்தான் இந்த ஏற்பாடும் முடிந்தது.

இடம் கிடைக்குமா என்பது பாதிக் கேள்விதான். அதை எப்போது சொல்வார்கள் என்பது மீதிப் பாதி. ‘இல்லை’ என்பதைக்கூட நேரத்தோடு சொல்லிவிட்டால் ஏழைக் குடும்பம் மாற்று வழி தேடிக்கொள்ளும். பங்காருபேட்டை மாதிரி நடுவழி ஊர்களுக்கு இத்தனை காலம் மறுக்கப்பட்டது இந்தப் பாதிதான் என்பது என் எண்ணம்.

பவுரிங்பேட்டைக் காலம்

பங்காருபேட்டை ரயில் நிலையத்தின் சுருக்கக் குறி பி.டபிள்யூ.டி. ஊர்ப் பெயருக்கும் அதற்கும் ஒட்டே இல்லையே என்று பலர் கேட்பார்கள். மைசூர் ராஜ்யத்தின் கமிஷனராக இருந்த லெவின் பெந்தம் பவுரிங்கின் பெயரால் இது ஒருகாலத்தில் பவுரிங்பேட்டை. பெயர் மாறியும் குறி மாறவில்லை. சென்னைப் பக்கமிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட்டுக்கு 1864-இல் ரயில் ஓடத் தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்து, 1894-இல், இங்கிருந்து மாரிக்குப்பம் வரை தங்கச் சுரங்கங்களுக்காகக் கிளைப் பாதை போட்டார்கள். ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சுரங்கத்துக்கு வந்து இறங்கியதும், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் சொந்த ஊர் திரும்பியதும் இந்தச் சந்திப்பு வழியாகத்தான்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை வேலைக்குத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து சுரங்க ஷாஃப்ட்டுக்கு நடந்துபோன ஊர், அதன்பின் வேலைக்கு ரயிலேற வேண்டியதாயிற்று. இன்று தங்கவயலின் சம்பளம் பெரும்பாலும் பெங்களூருவிலிருந்து, ரயில் மாதப் பாஸ் வைத்திருப்பவர்களின் சட்டைப்பையில் வருகிறது. ரயிலில் இடம் என்பது இங்கே சுற்றுலா விஷயம் அல்ல என்பதற்காகவே இந்தப் பழங்கதை.

நடுவில் ஏறுகிறவருக்குக் கடைசிப் பந்தி

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் சிறு நிலையங்களில் இடம் கேட்டால், ஸ்டேஷன்காரர்கள் வண்டி புறப்படும் நிலையத்துக்குத் தந்தி அடித்துக் கேட்பார்கள். பதில் வந்தால் இடம். வராவிட்டால் ஏறித்தான் பார்க்க வேண்டும். 1985 நவம்பரில் புது தில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களையும் இணைத்து எங்கிருந்தும் எங்கேயும் பதிவு செய்யும் வசதி 1999-இல் வந்தது. ஐ.ஆர்.சி.டி.சி இணையதளத்தில் டிக்கெட் விற்பனை 2002 ஆகஸ்டில். இத்தனை வந்தபிறகும் நடுவழி நிலையத்தின் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. காரணம், கோட்டா.

ஒரு ரயிலின் படுக்கைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரே குவியலாக இருப்பதில்லை. புறப்படும் ஊரிலிருந்து கடைசி ஊர் வரை போகிறவர்களுக்குப் பெரும் பங்கு. வழியிலுள்ள முக்கிய நிலையங்கள் சிலவற்றுக்குத் தனிப் பங்கு. இடையில் ஏறி இடையில் இறங்குகிற மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சிறு பங்கு. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வடையும் பாயசமும் நிச்சயம். கடைசிப் பந்திக்காரர் இலையில் என்ன விழும் என்பது மிச்சத்தைப் பொறுத்தது.

இதற்குப் பங்காருபேட்டைக்காரர்கள் வெகு நாளாகக் கைக்கொண்டுவரும் வழி ஒன்று உண்டு. டிக்கெட்டைப் பெங்களூருவிலிருந்து எடுப்பார்கள். ஏறும் இடத்தை மட்டும் பங்காருபேட்டை என்று போட்டுவிடுவார்கள். எழுபது கிலோமீட்டருக்கான கட்டணம் கூடுதல். ஆனால் பொதுப் பங்கில் பெயர் சேரும். விதிக்கு உட்பட்டதுதான், தவறொன்றும் இல்லை. ஆனால் இதில் ஒரு வலி இருக்கிறது. போகாத தூரத்துக்குப் பணம் கட்டினால்தான் போகிற தூரத்துக்கு இடம் உறுதியாகும் என்றால், அந்தக் கூடுதல் காசு நடுவழி ஊர்க்காரன் தண்டம் கட்டுவது போலத்தானே?

ஏறுமிடத்தை மாற்றாமல் விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். பெங்களூருவில் ஆள் ஏறவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் குறித்துக்கொண்டால் படுக்கை வேறொருவருக்குப் போய்விடலாம். பங்காருபேட்டையில் பெட்டியும் படுக்கையுமாக ஏறி, தன் இடத்தில் தூங்குகிறவரை எழுப்பிச் சண்டை போட்ட கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு.

┌ பெட்டிச் செய்தி: வெயிட்டிங்கில் எத்தனை வகை? ┐

ஜி.என்.டபிள்யூ.எல்: பொதுக் காத்திருப்பு. ரயில் புறப்படும் ஊரிலோ அதை ஒட்டியோ ஏறுகிறவர்களுக்கு. உறுதியாக வாய்ப்பு அதிகம்.

ஆர்.எல்.டபிள்யூ.எல்: வழியிலுள்ள முக்கிய நிலையங்களின் தனிப் பங்குக்கானது. அந்தப் பங்கில் யாராவது ரத்து செய்தால்தான் நகரும்.

பி.க்யூ.டபிள்யூ.எல்: சிறு நிலையங்கள் பலவும் சேர்ந்து பகிரும் பங்கு. மெதுவாகவே நகரும்.

டி.க்யூ.டபிள்யூ.எல்: தட்கால் காத்திருப்பு. பொதுக் காத்திருப்புக்குப் பிறகே இதன் முறை.

ஆர்.ஏ.சி: ரயிலில் ஏறலாம், உட்கார இடம் உண்டு. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இருவர் பகிர வேண்டும். கட்டணம் முழுசு.

└──────────┘

மாலை ஆறு நாற்பதும் பகல் இரண்டு நாற்பதும்

இப்போது எல்லோரும் பேசும் விஷயத்துக்கு வருவோம். ரயிலில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று இறுதி செய்யும் பட்டியல்தான் சார்ட். வெகுகாலமாக ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரத்துக்கு முன்புதான் அது தயாராகும். 2025 ஜூலை முதல் அதை 8 மணி நேரமாக்கினார்கள். பகல் இரண்டு மணிக்கு முன் புறப்படும் ரயில்களுக்கு முந்தின இரவே. அந்த ஆண்டின் இறுதியில் ரயில்வே வாரியம் இதை இன்னும் முன்னுக்குத் தள்ளி, மற்ற ரயில்களுக்குக் குறைந்தது 10 மணி நேரம் என்றது.

மணிக்கணக்காகப் பார்த்தால் சின்ன மாற்றம். மாரிக்குப்பத்து லைன் வீட்டில் நின்று பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். பெங்களூருவில் இரவு 10.40-க்குப் புறப்படுகிற ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் சார்ட் வருவது மாலை 6.40-க்கு. குடும்பத் தலைவர் அப்போதுதான் வேலை முடித்து கண்டோன்மென்ட்டில் திரும்பும் ரயிலுக்கு நின்றுகொண்டிருப்பார். வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. புளிச்சோறு கிளறி இலையில் மடித்தாகிவிட்டது. பங்காருபேட்டைக்குப் போக ஆட்டோவுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் ‘இடமில்லை’ என்று வந்தால், அவிழ்த்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்று ரயிலுக்கு நேரம் போதாது. பஸ்ஸுக்கு பெங்களூருவுக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஓட வேண்டும், கையில் குழந்தையோடு.

எட்டு மணி நேரம் என்றால் அதே சேதி பகல் 2.40-க்கு வருகிறது. பத்து என்றால் மதியச் சாப்பாட்டு வேளையில். வேலை செய்யும் இடத்திலிருந்தே அவர் வீட்டுக்குப் போன் போட்டு, “நீங்க கிளம்பாதீங்க, நான் மெஜஸ்டிக்ல பஸ் பாக்கறேன்” என்று சொல்லிவிடலாம். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஊருக்குத் தகவல் கொடுத்துவிடலாம். சாவு வீடு, ஆஸ்பத்திரி, பரீட்சை என்று தள்ளிப்போட முடியாத காரியமானால், நாலு பேரிடம் கடன் வாங்கி வாடகைக் கார் பிடிக்கவாவது பகல் வெளிச்சம் இருக்கிறது.

இதில் இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. காத்திருப்பு டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏ.சி பெட்டியிலோ ஏறக்கூடாது என்பதை 2025 மே 1 முதல் கறாராக அமல்படுத்துகிறார்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட்டில் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். கவுண்ட்டரில் எடுத்தது கையில் இருந்தால் பொதுப் பெட்டிக்கு மட்டும் செல்லும். முன்பு ‘ஏறிப் பார்த்துக்கலாம்’ என்று கதவோரம் பேப்பர் விரித்துப் படுத்துவந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. படுக்கைக்குக் காசு கொடுத்தவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பது நியாயம்தான். ஆனால் கதவை அடைத்தால் பதிலை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தது நல்லதாயிற்று. ஒன்று மட்டும் வந்திருந்தால் தங்கவயல் குடும்பங்கள் நடுராத்திரியில் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில்தான் நின்றிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. சார்ட் முன்னதாக முடிந்துவிடுவதால், அதற்குப் பிறகு மனம் மாறுகிறவர்களின் எண்ணிக்கை கூடும். மதியம் சார்ட் வந்துவிட்டது. மாலையில் ஒருவருக்குக் காய்ச்சல். ரயில் புறப்படும் நேரம் நெருங்கியபின் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதால் அவர் ரத்து செய்ய மெனக்கெடுவதில்லை. படுக்கை காலியாகவே கிளம்புகிறது. பரிசோதகர் கையிலுள்ள கருவியில் குறித்தால் ஆர்.ஏ.சி-யில் இருப்பவருக்குக் கிடைக்கலாம். ஆனால் வெயிட்டிங்கில் நின்றுபோன நம் பங்காருபேட்டைக்காரர் டிக்கெட் ரத்தாகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சார்ட்டுக்குப் பிறகு விட்டுக்கொடுத்த படுக்கை திரும்ப விற்றுப்போனால், விட்டுக்கொடுத்தவருக்குக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது ரயில்வே திருப்பித் தர வேண்டும். மெனக்கெட்டு ரத்து செய்ய அப்போதுதான் ஒரு காரணம் இருக்கும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இடம் கிடைக்காமல் டிக்கெட் தானாக ரத்தாகும்போதும் ஆளுக்கு 60 ரூபாய் கிளர்க்கேஜ் என்று பிடித்துக்கொள்கிறார்கள். விமானத்தில் உறுதியான டிக்கெட் இருந்தும் அதிக விற்பனையால் ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு என்பது நம் நாட்டு விதி. உறுதியான டிக்கெட்டும் காத்திருப்பு டிக்கெட்டும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து பேர் குடும்பத்துக்கு 300 ரூபாய், ஒன்றுமே கிடைக்காததற்காக. அதை எடுத்துவிடுவதே முறை.

விரல் ஓட்டிய தாள்

சின்ன வயதில் ஊருக்குப் போகும் இரவுகளில் எனக்குப் பிடித்த நிமிடம் ஒன்று இருந்தது. பெட்டிக் கதவோரம் பசை காயாமல் ஒட்டியிருக்கும் நீளத் தாளில் அப்பா விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டுவார். பெயர், வயது, படுக்கை எண். எங்கள் பெயர் வந்ததும் விரல் நின்றுவிடும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள் அப்பாவிடம் வந்து, “வாத்தியாரே, நம்ம பேரு கீதா பாருங்க” என்பார்கள். அவர்களுக்கும் விரல் ஓட்டிக் கண்டுபிடித்துச் சொல்வார். 2018 மார்ச் முதல் பெரிய நிலையங்களில் பெட்டியில் சார்ட் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். காகிதம் மிச்சம், அது சரி.

ஆனால் பெயரைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் நிலைமை போகவில்லை. குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, அதிலும் சுருக்கெழுத்துகளாக. ஆண்டர்சன்பேட்டைச் சந்தில் இருக்கும் பிரவுசிங் சென்டர் பையன்தான் இன்று அப்பாவின் இடத்தில். பத்து இலக்க பி.என்.ஆர் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிற அம்மாக்களுக்கு அவன் பார்த்துச் சொல்கிறான். 139-க்குப் போன் செய்தும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. பதிவு செய்யும்போதே ‘சேதி எந்த மொழியில் வேண்டும்’ என்று கேட்டு, தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, ‘உங்களுக்கு இடம் உறுதி, எஸ் 4 பெட்டி, 32-ஆம் படுக்கை’ என்று முழு வாக்கியமாக அனுப்புவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தடையில்லை.

கடைசி நேர முன்பதிவான தட்கால் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயணத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி, பதினொன்றுக்கு மற்றவை. திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்கால் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் தளத்தை மோதும் முயற்சிகளில் பாதி வரை தானியங்கி மென்பொருள்களே என்று 2025-இல் ரயில்வே அமைச்சகமே சொன்னது, சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியது. இப்போது ஆதார் சரிபார்த்தவருக்குத்தான் தட்கால், செல்போனுக்கு வரும் ஓ.டி.பி-யும் வேண்டும், முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. ‘நூறு சதவீதம் கன்ஃபர்ம் பண்ணித் தர்றேன்’ என்று சொல்லி மூன்று மடங்கு வாங்குகிறவரிடம் இன்னமும் பணத்தைக் கொடுக்கிறவர்கள், யாரோ ஒருவர் பெயரில் எடுத்த டிக்கெட்டோடு ரயிலேறி மாட்டிக்கொள்ளும் ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

┌ பெட்டிச் செய்தி: துண்டு போட்டால் சட்டம் என்ன சொல்கிறது? ┐

மாதப் பாஸ் 150 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்குத் தரப்படுகிறது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு சுமார் 85 கிலோமீட்டர். பாஸ் வைத்திருப்பவருக்குப் பயணம் உண்டு. குறிப்பிட்ட இருக்கை கிடையாது.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155-ஆவது பிரிவு, பிறருக்கு ஒதுக்கிய பெட்டியில் நுழைவதற்கும், ஒதுக்கப்படாத பெட்டியில் ஒருவர் முறைப்படி ஏறுவதைத் தடுப்பதற்கும் அபராதம் விதிக்கிறது.

கைக்குட்டைக்கும் சாப்பாட்டுப் பைக்கும் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. இந்த வழித்தடத்தில் அது ஓடுவது மனிதர்களின் சம்மதத்தால் மட்டுமே.

└──────────┘

கார்டு அடித்த தந்தி, நான் பார்க்காத மெசேஜ்

சாப்பாட்டை முன்கூட்டிச் சொல்லிவைக்கும் பழக்கமும் ரயிலோடு வந்ததுதான். வெள்ளைக்காரர் காலத்தில் மேல்வகுப்புப் பயணிகள் ரயில் கார்டிடம் சாப்பாடு வேண்டும் என்று சொன்னால், அவர் அடுத்த பெரிய நிலையத்தின் ரிஃப்ரெஷ்மென்ட் ரூமுக்குத் தந்தி கொடுப்பார். வண்டி போய் நிற்கும்போது தட்டு தயாராக இருக்கும். தென்னிந்திய ரயில்களில் இந்த உணவகங்களை நடத்தியதில் ஸ்பென்சர் கம்பெனிக்குப் பெரிய பங்கு. தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்தது. அடுத்த ஆண்டே அதே வேலையைச் செய்ய இ-கேட்டரிங் வந்தது. பி.என்.ஆர் எண்ணைக் கொடுத்து, எந்த நிலையத்தில் வேண்டும் என்று சொன்னால் இருக்கைக்கே பொட்டலம் வருகிறது. 1323 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கவனியுங்கள், சாப்பாட்டுக்கும் சாவி பி.என்.ஆர்தான். டிக்கெட்டோடு சேர்த்தே சாப்பாட்டையும் பதிவு செய்துகொள்ளும் மைசூரு–சென்னை வந்தே பாரத் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியது. அது பங்காருபேட்டையில் நிற்காமல் போகிறது. பி.என்.ஆர் இல்லாமல் பிளாட்பாரத்தில் பாஸ் வைத்து நிற்கிறவரின் தூக்குச் சட்டியில் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வடித்த சோறு.

ஓட்டல் மேசை விஷயத்தில் எனக்கே ஓர் அனுபவம். மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். தங்கவயலில் கோயிலில் காரியம் முடித்துவிட்டு, அடுத்த நாள் பெங்களூருவில் ஒரு நல்ல ஓட்டலில் குடும்பத்தோடு மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. பதினான்கு பேர். பத்து நாள் முன்பே போனில் பன்னிரண்டரை மணிக்கு மேசை சொல்லி, ‘கன்ஃபர்ம் சார்’ என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். அன்று எங்கள் ரயில் தேவனகொந்தியைத் தாண்டியதும் நின்றது. எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழிவிட, பிறகு இன்னொன்றுக்கு. நாங்கள் ஓட்டல் வாசலை மிதித்தபோது மணி ஒன்றே கால்.

மேசை இல்லை. அங்கிருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: “காலையில மெசேஜ் அனுப்பினோம் சார், வர்றீங்களான்னு. பதில் இல்ல. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நிறுத்தி வைக்க முடியாது.” செல்போனை எடுத்துப் பார்த்தால் மெசேஜ் இருந்தது, படிக்காமல். கோயில் படமும் குடும்பப் படமுமாக வந்து குவிந்ததற்கு அடியில். பட்டு வேட்டியோடு மாமனார் பக்கத்திலிருந்த தர்ஷினி ஒன்றில் நின்றபடி இட்லி சாப்பிட்டார். “பரவால்ல மாப்ள, இட்லி நல்லாத்தான் இருக்கு” என்றார். ஒயிட்ஃபீல்டு வந்தபோது ஒரு போன் போட்டு ‘ரயில் நின்னுபோச்சு, முக்கால் மணி ஆகும்’ என்று சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். இதை எழுதும்போதும் அது நெஞ்சில் இடிக்கிறது.

ஓட்டல்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சொல்லிவைத்துவிட்டு வராமல் போகிறவர்களால் நஷ்டம் அவர்களுக்குத்தான். பதினான்கு பேர் மேசை ஒரு மணி நேரம் காலியாகக் கிடந்தால் வாசலில் நிற்கும் மூன்று குடும்பம் வேறு கடைக்குப் போய்விடும். 1998-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஓபன்டேபிள், உலகமெங்கும் இணையத்தில் மேசை பிடிக்கும் பழக்கத்தைப் பரப்பியது. ஓர் ஆண்டுக்குள் நான்கு முறை சொல்லாமல் வராமல் போனால் கணக்கையே மூடிவிடும். நம் ஊரில் டைன்அவுட், ஈஸிடைனர் போன்றவை அதே வேலையைச் செய்கின்றன. 2022-இல் டைன்அவுட்டை ஸ்விக்கி வாங்கியது. முன்பணம் கேட்கும் வழக்கமும் வந்துகொண்டிருக்கிறது.

பெங்களூருவில் 1924-இல் தொடங்கி, இப்போது லால்பாக் ரோட்டில் இருக்கும் பேர்பெற்ற எம்.டி.ஆர் உணவகத்தில் வேறொரு முறை. போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார வேண்டும். முறை வந்தால் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே இடம் பிடித்துவைத்து ஏமாற்றவும் முடியாது, ஏமாறவும் முடியாது. ரயிலில் எப்போது வந்து சேருவோம் என்று தெரியாத எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. போனில் பிடித்த மேசை, சரியான நேரத்துக்கு ஓடும் ரயில் உள்ளவர்களுக்கானது.

‘உறுதி’ என்று சொன்னபின்னும் இடம் போகும் இந்தப் பிரச்சினை பழைய விமானப் பயணிகளுக்கு நன்றாகத் தெரியும். காகித டிக்கெட்டில் ‘ஓ.கே’ என்று அச்சாகியிருந்தால் இடம் உறுதி, ‘ஆர்.க்யூ’ என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. ஓ.கே ஆனவர்களும் திரும்பும் விமானத்துக்கு 72 மணி நேரம் முன்பு போன் செய்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடம் போனாலும் போகும். தங்கவயலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபோன ஆங்கிலோ இந்தியர்கள் விடுமுறைக்கு வந்தால் இந்தப் போனுக்காகவே பெங்களூரு போனவர்கள் உண்டு. 2008-இல் காகித டிக்கெட் ஒழிந்தது. மறு உறுதி செய்யும் சுமையும் பயணி தலையிலிருந்து பெரும்பாலும் இறங்கிவிட்டது. ரயிலில் அந்தச் சுமை இன்னும் நம் தலையில்தான். ‘போன் பார்த்துக்கிட்டே இரு’ என்று வீட்டுக்கு ஒருவரை அதற்கென்றே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மாலூர் தாண்டினால்

சாயங்காலம் பங்காருபேட்டையில் பெங்களூரு ரயில் வந்து நின்றதும் ஒரு கூட்டம் நேராகப் பானிபூரிக் கடைகளுக்குப் போகும். இந்த ஊர் பானிபூரியின் தண்ணீர் பச்சையாக இருக்காது. கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். குடித்தால்தான் காரம் காதில் ஏறும். பெங்களூருவில் தெருவுக்குத் தெரு இந்த ஊரின் பெயரைப் பலகையில் போட்டு விற்கிறார்கள். இங்கே யாரும் இடம் சொல்லிவைப்பதில்லை. கையில் தொன்னையை வாங்கிக்கொண்டு வட்டமாக நின்றால், கடைக்காரர் யாருக்கு எத்தனாவது பூரி என்று கணக்குத் தவறாமல் வைத்துக்கொண்டே போவார். புதிதாக வந்தவரை நாலாவது பூரிக்குப் பிறகு சேர்த்துக்கொள்வார். யார் முகத்திலும் சலிப்பு இல்லை, தன் முறை வரும் என்பது கண்ணெதிரே தெரிகிறது.

மாரிக்குப்பத்துக்குப் போக வேண்டியவர்களுக்கு அங்கே நிற்க நேரமில்லை. அவர்கள் பெட்டிக்குள்தான் இருக்கிறார்கள். காலையில் துண்டு போட்டு இடம் கொடுத்தவர் இப்போது நிற்கிறார், காலையில் நின்றவர் உட்கார்ந்திருக்கிறார். பங்காருபேட்டை வருமுன்பே பெட்டி முழுக்க ஒரே மாதிரிப் பேச்சு, ஒவ்வொரு செல்போனிலும் மெதுவாக.

“எங்க இருக்கீங்க?”

“மாலூர் தாண்டிடுச்சு.”

“அப்ப சோறு வெக்கட்டுமா?”

“வை. ரசம் மட்டும் நான் வந்ததும் சூடு பண்ணு.”